கன்னத்தில் ஒதுக்கிய மொரப்பாவுக்கு மாற்று

போடிநாயக்கனூரிலிருந்து மூணாறு போகும் பேருந்தில் 26 வருடம் கண்டக்டராக இருந்தேன். முந்தல் தாண்டினால் ஏற்றம் தொடங்கும். போடிமெட்டு வருவதற்குள் 17 கொண்டை ஊசி வளைவுகள். ஐந்தாறு வளைவு திரும்புவதற்குள் யாராவது ஒருவருக்குக் குமட்டத் தொடங்கிவிடும். அதனால் வண்டி கிளம்பும் முன்பே இஞ்சி மொரப்பா விற்பவர்கள் ஏறி, "மொரப்பா, இஞ்சி மொரப்பா" என்று ஒரு சுற்று வந்து இறங்குவார்கள். (மரப்பா, முரப்பா என்று எழுதுபவர்களும் உண்டு. எங்கள் வாயில் வருவது மொரப்பா.) இறங்கும்போது கண்டக்டர் கையில் இரண்டு துண்டு வைத்துவிட்டுப் போவார்கள்.

அந்த இரண்டு துண்டு வளர்ந்து நாளைக்குப் பன்னிரண்டு ஆயிற்று. ஒரு துண்டை இடது கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு வலது ஓரத்தில் விசிலை வைத்து ஊதப் பழகியிருந்தேன். அது கரையக் கரையக் காரம் தொண்டையில் இறங்கும். பூப்பாறைப் பனியிலும் தேவிகுளம் குளிரிலும் அதுதான் துணை. மொரப்பா தீர்ந்தால் சீரக மிட்டாய், அதுவும் இல்லையென்றால் சூட மிட்டாய். 54 வயதில் ரத்தப் பரிசோதனை செய்தபோது, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 8.4 என்று வந்தது. 6.5 தொட்டாலே சர்க்கரை நோய்.

டாக்டர் இனிப்பை விடச் சொன்னார், விட்டேன். லட்டோ அல்வாவோ என்னைப் பெரிதாக இழுக்கவில்லை. ஆனால் வண்டி முந்தலைத் தாண்டியதும் கன்னம் தானாக எதையோ தேடும். மூன்றாம் வாரம் ஒரு மொரப்பா, நான்காம் வாரம் தினம் நாலு என்று பழைய இடத்துக்கே திரும்பிக்கொண்டிருந்தேன். நான் ஏங்கியது இஞ்சிக்கு, சர்க்கரை அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது என்று பிடிபட இரண்டு மாதம் ஆனது. அதன் பிறகு மிட்டாய் இல்லாமல் அந்த ருசியை மட்டும் வாயில் வைத்துக்கொள்ள ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டேன். ஏழு வருடமாகிறது. மருந்தும் நடையும் சேர்ந்துதான் என் சர்க்கரை இறங்கியது. ஆனால் மிட்டாயை விடாமல் இருந்திருந்தால் அவை இரண்டும் போதியிருக்காது.

முதலில் மூக்கைப் பிடித்துப் பாருங்கள்

ஒரு ஏலக்காயை உரித்து நாலைந்து விதைகளை எடுத்துக்கொள்ளுங்கள். மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மெல்லுங்கள். நறநறவென்று ஏதோ கடிபடும், லேசான கசப்பு தெரியும், அவ்வளவுதான். இப்போது மூக்கை விடுங்கள். ஏலக்காய் அப்போதுதான் வாய்க்குள் வரும். உண்மையில் அது வருவது மூக்குக்குள். மெல்லும்போது கிளம்பும் வாசனை தொண்டைக்குப் பின்னால் ஏறி மூக்கை அடைகிறது. நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பங்கு இந்த வாசனைதான்.

இஞ்சியை இதே மாதிரி மூக்கைப் பிடித்துக்கொண்டு மென்றால் வாசனை போய்விடும், எரிச்சல் மட்டும் இருக்கும். காரம் நாக்கின் சுவையும் இல்லை, மூக்கின் வாசனையும் இல்லை. சூட்டை உணரும் நரம்பை அது தொடுகிறது. மிளகாயின் காரம் தொடுவதும் அதே நரம்பைத்தான். அந்த நரம்பின் வாசலை 1997-இல் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-இல் மருத்துவ நோபல் பரிசு கொடுத்தார்கள். சூட மிட்டாயின் குளிர்ச்சியும் இப்படித்தான். வாய் உண்மையில் குளிர்வதில்லை, குளிரை உணரும் நரம்பு தூண்டப்படுகிறது.

ஆக, மிட்டாயில் வாசனை, காரம், குளிர்ச்சி, புளிப்பு எதற்கும் சர்க்கரை தேவையில்லை. இனிப்புக்கு மட்டும்தான் தேவை. அப்புறம் இன்னொன்று உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. மிட்டாய் நேரம் எடுத்துக்கொள்ளும். கன்னத்தில் கால் மணி நேரம் இருக்கும். இஞ்சி டீ குடித்தால் ஆசை அடங்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். குடித்தேன், அடங்கவில்லை. டீ இரண்டு நிமிடத்தில் தொண்டையைத் தாண்டிவிடுகிறது. எனக்கு வேண்டியது கன்னத்தில் ஒதுக்கக்கூடிய, மெல்லக் கரையும் ஒரு பொருள். எதை மாற்றாக எடுத்தாலும் அது வாயில் பத்து நிமிடமாவது தங்குமா என்று முதலில் பாருங்கள்.

எந்த மிட்டாய்க்கு ஏங்குகிறீர்கள், எத்தனை மணிக்கு என்பதையும் ஒரு வாரம் குறித்து வையுங்கள். எனக்கு மத்தியானம் மூன்றரைக்கு ஒரு முறை, கடைசி நடை முடிந்து கணக்கு ஒப்படைக்கும்போது ஒரு முறை. மூன்றரை மணி ஆசையில் பாதி பசி என்று பிறகு தெரிந்தது. ஒரு கை சுண்டலும் ஒரு டம்ளர் மோரும் உள்ளே போன பிறகு மீதி ஆசைக்கு ஒரு இஞ்சித் துண்டே போதுமாக இருந்தது. வயிறு காலியாக இருக்கும்போது ஏலக்காயை வாயில் போட்டுவிட்டு 'இது வேலை செய்யவில்லை' என்று சொல்லாதீர்கள்.

இன்னொன்றும் செய்யுங்கள். நீங்கள் சாப்பிடும் மிட்டாயை எடை போடுங்கள். நகைக்கடையில் வேலை பார்க்கும் உறவினரின் தராசில் என் மொரப்பாவை வைத்துப் பார்த்தேன். ஒரு துண்டு ஏறக்குறைய 6 கிராம். பன்னிரண்டுக்கு 72 கிராம், பெரும்பாலும் சர்க்கரை. உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்னது, ஒரு நாளைக்குச் சேர்க்கும் சர்க்கரை மொத்த உணவுச் சக்தியில் பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று. 2000 கலோரி சாப்பிடுபவருக்கு அது 50 கிராம். 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது. டீயில் போட்ட சர்க்கரையை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

வெல்லம், கருப்பட்டி, தேன் போட்டு மொரப்பா செய்தால் பரவாயில்லை என்று பலர் அன்போடு கொண்டுவந்து தந்தார்கள். கருப்பட்டியின் ருசி அருமைதான். சர்க்கரை நோய்க்கு அதுவும் சர்க்கரைதான். 'சுகர் ஃப்ரீ' என்று எழுதிய மிட்டாய்களில் சார்பிட்டால், மால்டிட்டால் போன்றவை இருக்கும். ஒன்றிரண்டு சரி, ஐந்தாறு போனால் வயிறு உப்பிப் பேதியாகும். மலைப்பாதைப் பேருந்தில் வேலை பார்க்கும் ஒருவருக்கு அது ஆகாது.

இஞ்சி: என் மொரப்பாவின் இடத்தில்

இதைத்தான் நான் அதிகம் செய்கிறேன், அதனால் விவரமாகவே சொல்கிறேன்.

கால் கிலோ இளம் இஞ்சி வாங்குங்கள். தோல் மெல்லியதாக, நகத்தால் கீறினால் உரிகிற மாதிரி இருக்க வேண்டும். முற்றிய இஞ்சியில் நார் பல்லிடுக்கில் மாட்டும். கழுவி, ஸ்பூன் விளிம்பால் தோலைச் சுரண்டுங்கள். கத்தியால் சீவினால் சதையும் போய்விடும். நாருக்குக் குறுக்கே வட்ட வட்டமாக நறுக்குங்கள். ஐம்பது காசு நாணயம் அளவுக்குத் தடிமன் இருந்தால் போதும். நீளவாக்கில் நறுக்கினால் காய்ந்த பிறகு குச்சி மாதிரி ஆகி மெல்ல வராது.

கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, மூன்று எலுமிச்சம்பழத்தின் சாறு, முக்கால் டீஸ்பூன் இந்துப்பு சேர்த்துக் குலுக்குங்கள். எவர்சில்வர் டப்பாவோ அலுமினியமோ வேண்டாம், புளிப்பு உலோகத்தோடு சேர வேண்டாம். கொஞ்ச நேரத்தில் இளம் இஞ்சி ரோஜா நிறத்துக்கு மாறத் தொடங்கும். முதல் தடவை நான் சாயம் ஏதோ கலந்திருக்கிறார்கள் என்று பயந்துவிட்டேன். இஞ்சியில் இயற்கையாக உள்ள நிறம் அது, புளிப்பு பட்டால் சிவக்கும். நல்ல இளம் இஞ்சி என்பதற்கு அதுவே அடையாளம்.

இரண்டு நாள் ஊறட்டும். காலையும் மாலையும் ஒரு தடவை குலுக்குங்கள். மூன்றாம் நாள் துண்டுகளை எடுத்துத் தட்டில் பரப்பி, மேலே வெள்ளைத் துணி கட்டி வெயிலில் வையுங்கள். சாயங்காலம் எடுத்து அதே சாற்றில் மறுபடி போடுங்கள். மறுநாள் மறுபடி வெயில். சாறு முழுவதும் இஞ்சிக்குள் இறங்கும்வரை இப்படி. எங்கள் ஊர் வெயிலில் நான்கு நாள் ஆகும். துண்டை மடித்தால் உடையாமல் வளைய வேண்டும், கையில் ஈரம் ஒட்டக் கூடாது. அந்தப் பதத்தில் நிறுத்திவிடுங்கள். முறுகக் காய்ந்தால் அது வற்றல், கன்னத்தில் ஒதுக்க வராது.

ஒரு துண்டை வாயில் போட்டால் முதலில் உப்பும் புளிப்பும். உடனே மெல்லாதீர்கள். இரண்டு நிமிடத்தில் எச்சிலில் ஊறி மெதுவாகும். அப்போது ஓரத்தில் லேசாக ஒரு கடி. காரம் மெல்ல எழும்பும். கடித்த இடத்தை நாக்கால் தடவிக்கொண்டே இருந்தால் கால் மணி நேரம் ஓடும். கடைசியில் நார் மட்டும் மிஞ்சும், துப்பிவிடலாம். முதல் பத்து நாள் 'இனிப்பு இல்லையே' என்று நாக்கு கேட்டுக்கொண்டே இருந்தது. மூன்று வாரம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் மொரப்பா கொடுத்தார்கள். வாயில் வைத்ததும் இஞ்சியே தெரியாத அளவுக்குத் தித்தித்தது.

உப்பைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஊறுகாய்ப் பழக்கத்தில் முதலில் நான் மூன்று ஸ்பூன் போட்டேன். ஒரு நாளைக்கே மொத்தம் 5 கிராம் உப்புக்குள் இருக்கச் சொல்கிறார்கள், அது ஒரு டீஸ்பூன்தான். இந்துப்பும் உப்புதான், ரத்தக் கொதிப்புக்கு அதில் விதிவிலக்கு எதுவும் இல்லை. கால் கிலோவுக்கு முக்கால் ஸ்பூன் போதும். நாளைக்கு ஐந்தாறு துண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் இரண்டோடு நிறுத்துங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் இஞ்சியைத் தினப்பழக்கம் ஆக்கும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மாங்காய் இஞ்சி கிடைத்தால் பாதிக்குப் பாதி கலந்து போடுங்கள். அது மஞ்சள் இனத்துக் கிழங்கு, பச்சை மாங்காய் வாசனை வரும். மாங்காய் மிட்டாய்க்கு ஏங்குபவர்களுக்கு அதைவிட நல்ல மாற்று எனக்குத் தெரியாது.

சுக்கு இன்னும் உறைப்பு. இஞ்சி காயும்போது அதன் காரச்சத்து வேறொன்றாக மாறுகிறது, அது பச்சை இஞ்சியின் காரத்தைவிடக் கடுமையானது. அதனால் சுக்கில் கடுகளவு துணுக்கே போதும். வாங்கியதும் மேல்தோலைச் சீவிவிடுங்கள். 'சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு' என்று எங்கள் அப்பத்தா சொல்லும். குளிர் நாளில் சுக்கு, கொத்தமல்லி விதை, நாலு மிளகு, துளசி போட்டுக் கொதிக்கவைத்து வெல்லமில்லாமல் குடிப்பேன். வறுத்த கொத்தமல்லி விதை வெல்லம் இல்லாத குறையை ஓரளவு மறைத்துவிடும்.

சீரக மிட்டாய்க்குச் சோம்பு

சோம்பு ஒரு அதிசயம். அதில் அனெத்தோல் என்று ஒரு வாசனை எண்ணெய் இருக்கிறது, சர்க்கரையைவிடப் பதின்மூன்று மடங்கு இனிப்பு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பெயரில் சீரகம் என்றாலும் சீரக மிட்டாயின் நடுவில் இருப்பது சோம்புதான். அதாவது நடுவில் இருப்பதே இனிப்பு, அதற்கு மேல் நாம் சர்க்கரையைப் பூசிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

கடையில் லக்னோ சோம்பு என்று கேளுங்கள். ஒல்லியாக, பச்சையாக இருக்கும். குழம்புக்குப் போடும் பெரிய சோம்பைவிட இது இனிப்பு. நூறு கிராம் சோம்பில் இரண்டு டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறும் கால் ஸ்பூன் உப்பும் தெளித்துப் பிசறி ஒரு மணி நேரம் விடுங்கள். இரும்புச் சட்டியில் சிறு தீயில் வறுக்க வேண்டும். முதலில் புளித்த நெடி வரும், அப்புறம் ஈரம் போய்ச் சலசலவென்று சத்தம் கேட்கும், அதன் பிறகு சோம்பு வாசனை குப்பென்று எழும். அந்த நொடியில் அடுப்பை அணையுங்கள். நிறம் மாறும்வரை காத்திருந்தால் வாசனையெல்லாம் சமையலறையில் போய்விடும். நான் இரண்டு தடவை கருக்கியிருக்கிறேன். என் மனைவி பக்கத்தில் நின்று, "சத்தம் மாறுதுங்க, இறக்குங்க" என்று சொன்ன பிறகுதான் காதால் வறுக்கக் கற்றுக்கொண்டேன்.

ஆறியதும் பத்து ஏலக்காயின் விதைகளைச் சேர்த்துப் பாட்டிலில் போடுங்கள். அரை டீஸ்பூன் எடுத்து முன்பல்லால் நாலைந்து மணிகளாகக் கடித்துச் சாப்பிடுங்கள். உடனே இனிக்காது. பத்துப் பன்னிரண்டு முறை மென்ற பிறகு இனிப்பு வரும். அள்ளிப் போட்டு விழுங்கினால் அது உங்களுக்குக் கிடைக்காது.

சோம்பைவிட இனிப்பு அதிமதுரம். அதன் இனிப்புப் பொருள் சர்க்கரையைவிட 30 முதல் 50 மடங்கு இனிப்பு. நாட்டு மருந்துக் கடையில் குச்சியாகக் கிடைக்கும், கன்னத்தில் ஒதுக்கவும் வசதி. எனக்குத் தங்கப் புதையல் கிடைத்த மாதிரி இருந்தது. தினமும் ஒரு விரல் நீளம் மென்றேன். ஆறாவது வாரம் காலில் வீக்கம், ரத்தக் கொதிப்பு 170-ஐத் தொட்டது. டாக்டர், "புதிதாக என்ன சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டபோது, அதிமதுரம் எனக்கு ஞாபகத்துக்கே வரவில்லை. அதை ஒரு சாப்பாடாகவே நான் நினைக்கவில்லை. கூட வந்த மனைவிதான் சொன்னார். அதிமதுரம் தினமும் போனால் உடம்பில் உப்பும் நீரும் தங்கும், பொட்டாசியம் குறையும், இதயத்துடிப்பு தடுமாறும் அளவுக்கும் போகலாம் என்று டாக்டர் விளக்கினார். விட்டேன், சில வாரத்தில் இறங்கியது. இருமலுக்கு எப்போதாவது ஒரு துண்டு என்றால் சரி. ரத்தக் கொதிப்போ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் அதுவும் வேண்டாம். மிட்டாய்க்கு மாற்றாகத் தினமும் என்பது யாருக்குமே ஆகாது.

புளி மிட்டாய்

ஈர்க்குச்சியில் செருகி நக்கிய புளி உருண்டையை நம்மில் யார் மறந்தோம்? புதுப் புளி, வெல்லம், மிளகாய், சீரகம், உப்பு எல்லாம் உரலில் போட்டு இடித்தது. வெல்லத்தை மட்டும் எடுத்துவிட்டால் போதும் என்று நினைத்தேன். ஆனால் புளியிலேயே சர்க்கரை நிறைய இருக்கிறது, புளிப்பு முன்னால் நிற்பதால் அது தெரிவதில்லை. ரசத்துக்குக் கரைக்கும் அளவு வேறு, உருண்டையாகச் சாப்பிடுவது வேறு. சுண்டைக்காய் அளவு வாரம் ஒரு நாள் வைத்துக்கொண்டேன்.

அந்த இடத்துக்கு வந்தது பெருநெல்லிக்காய். நெல்லியைத் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்தால் இனிக்கும் என்பது நமக்குக் குழந்தையிலிருந்து தெரியும். மிட்டாய் ஆசைக்கு இதைவிட எளிய வழி உண்டா? அரைக் கிலோ நெல்லிக்காயை இட்லித் தட்டில் எட்டு நிமிடம் ஆவியில் வேகவைத்தால் சுளை சுளையாகப் பிரியும். கொட்டையை நீக்கி, ஒரு ஸ்பூன் வறுத்த சீரகப் பொடி, அரை ஸ்பூன் மிளகாய்த் தூள், அரை ஸ்பூன் உப்பு, இரண்டு ஸ்பூன் இஞ்சிச் சாறு பிசறி மூன்று நாள் காயவையுங்கள். வெளியே உலர்ந்து உள்ளே பிசுபிசுப்பாக இருக்கும்போது எடுங்கள். ஒரு சுளையை ஊறவைத்துச் சாப்பிட்ட பிறகு மண்பானைத் தண்ணீர் ஒரு வாய். அந்தத் தண்ணீரின் இனிப்பை அவசரப்படாமல் குடியுங்கள்.

புளிப்பான எதையும் மணிக்கணக்கில் வாயில் வைக்காதீர்கள், பல்லின் மேல்பூச்சு கரையும். இஞ்சித் துண்டுக்கும் இது பொருந்தும். முடிந்ததும் தண்ணீரால் கொப்பளித்துவிடுங்கள். பல் துலக்குவதாக இருந்தால் அரை மணி நேரம் கழித்துத்தான்.

சூட மிட்டாயின் குளிர்ச்சி

புதினாவை மென்றால் சூட மிட்டாய் மாதிரி குளிரும் என்று எதிர்பார்த்து ஏமாந்தேன். நம் சட்னிப் புதினாவில் குளிர்ச்சி தரும் மென்தால் மிகக் குறைவு, அதன் வாசனை வேறு பொருளால் வருவது. நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் புதினா உப்பையோ பச்சைக் கற்பூரத்தையோ வாயில் போடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டவே வேண்டாம். பச்சைக் கற்பூரம் கொஞ்சம் அதிகமானாலும் குழந்தைகளுக்கு வலிப்பு வரும்.

எங்கள் ஊரில் இதற்குப் பதில் கையருகிலேயே இருக்கிறது. ஏலக்காய். போடியில் ஏலக்காய் ஏலம் நடக்கிறது, மலையிலிருந்து வரும் மூட்டைகள் எங்கள் தெருக்களில் இறங்குகின்றன. யூக்கலிப்டஸ் தைலத்தில் இருக்கும் சினியோல் ஏலக்காயிலும் இருக்கிறது, குளிர்ச்சி அதிலிருந்து வருவதுதான். வாய் மூடிய, பச்சை நிறம் மாறாத, அமுக்கினால் உள்ளே கெட்டியாக இருக்கும் காயை எடுங்கள். வெடித்த காயில் வாசனை பறந்திருக்கும். உரிக்காமல் முழுசாகக் கன்னத்தில் வையுங்கள். ஐந்து நிமிடத்தில் தோல் மெதுவாகும். லேசாக ஒரு கடி கொடுத்துத் தோலை மட்டும் கிழியுங்கள். விதைகளை ஒவ்வொன்றாக நாக்கால் எடுத்துக் கடியுங்கள். ஒவ்வொரு விதை உடையும்போதும் வாயால் ஒரு மூச்சு உள்ளே இழுங்கள், குளிர்ச்சி அப்போதுதான் தெரியும். ஒரு காய் இருபது நிமிடம் வரும். நாளைக்கு மூன்று காய், அவ்வளவுதான் என் கணக்கு.

கூட ஒரு கிராம்பு வைத்தால் நாக்கு லேசாக மரத்துப்போகும், சிலருக்கு அது பிடிக்கும். பட்டை விரும்புபவர்கள் இலங்கைப் பட்டையாக வாங்குங்கள். அது சுருட்டு மாதிரி பல மெல்லிய அடுக்குகளாகச் சுருண்டிருக்கும், கையால் நொறுங்கும். பிரியாணிக்குப் போடும் தடித்த பட்டையில் கூமரின் அதிகம், தினமும் சப்பினால் கல்லீரலுக்கு நல்லதல்ல.

ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஏக்கம் வந்தால் சின்னமனூர் வெற்றிலை ஒன்றில் வறுத்த சோம்பு, ஒரு ஏலக்காய், பாதிக் கிராம்பு மடித்து மெல்கிறேன். பாக்கு கிடையாது. பாக்கு தனியாகவே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-லேயே வகைப்படுத்திவிட்டது. சுண்ணாம்பும் குல்கந்தும் கிடையாது.

சட்டைப் பையில் மட்டும் சர்க்கரை

இதை எழுதாமல் விட எனக்கு மனம் வராது. நான் சர்க்கரையை இறக்கும் கிளிமிபிரைடு மாத்திரையும் சாப்பிடுகிறேன். ஒரு நாள் மதியச் சாப்பாடு தள்ளிப்போய்விட்டது. கை நடுங்கியது, பின்கழுத்து வியர்த்தது, எதிரே இருந்தவர் பேசுவது எங்கோ கேட்டது. பழக்கத்தில் ஒரு இஞ்சித் துண்டை வாயில் போட்டேன். அது எந்த உதவியும் செய்யவில்லை, செய்யவும் முடியாது. சர்க்கரை இறங்கியிருக்கும்போது சர்க்கரைதான் மருந்து. பக்கத்துக் கடைக்காரர் மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுத்தார், பத்து நிமிடத்தில் தெளிந்தது. இன்சுலினோ இந்த வகை மாத்திரையோ எடுப்பவர்கள் 15 கிராம் குளுக்கோஸ் எப்போதும் வைத்திருங்கள். சாப்பிட்டு 15 நிமிடம் கழித்துப் பாருங்கள், தேறவில்லையென்றால் இன்னொரு 15 கிராம். தேறியதும் ஏதாவது சாப்பிடுங்கள். நான் இஞ்சி, ஏலக்காயை இடது பையிலும் குளுக்கோஸ் பொட்டலத்தை வலது பையிலும் வைத்திருக்கிறேன். நடுக்கத்தில் தேடக் கூடாது என்பதற்காக இடம் மாற்றுவதே இல்லை.

பாட்டில்களை எல்லாம் ஒரே மாதத்தில் நிரப்பாதீர்கள். இஞ்சியும் நெல்லியும் வெயிலை நம்பியவை. ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் பக்கம் மேகம் கலையாது, பாதி காய்ந்த இஞ்சி ஒரே ராத்திரியில் பூஞ்சை பிடித்துவிடும். பூஞ்சை பட்ட துண்டைத் துடைத்துச் சாப்பிடாதீர்கள், பாட்டிலோடு கொட்டுங்கள். மழைக்காலத்தில் நான் கால் கிலோவுக்குப் பதில் நூறு கிராம் போட்டு, காயவைக்காமல் சாற்றோடு ஃப்ரிட்ஜில் வைத்து, ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுவேன். வறுத்த சோம்பு மட்டும் மழை, வெயில் பார்க்காது. மூடி இறுக்கமாக இருந்தால் ஒரு மாதம் மொறுமொறுப்பாக இருக்கும். பாட்டிலுக்குள் ஈர ஸ்பூன் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.